பெயரை மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுங்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை எங்கள் மையத்தில் உட்கார இடம் இருக்காது. மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் அந்த 61 நாட்களில்தான் மண்டபம், பாம்பன் பக்கத்து ஆட்கள் தள்ளிப்போட்ட காகித வேலைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பள்ளிச் சேர்க்கையும் அதே நேரத்தில் வந்து சேரும். இந்தக் கடற்கரையில் பல வருடமாக இ-சேவை மையம் நடத்துகிறேன். பெயரைத் திருத்த வேண்டும் என்று வருகிறவர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழில் பிழையே இருக்காது. அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே அச்சாகியிருக்கும். வாசிக்கிறவர்தான் அந்த ஆங்கில எழுத்தை வேறு மாதிரி வாசிக்கிறார்.

போன வருடம் ஓர் அக்கா மகளோடு வந்தார். பிள்ளையின் பெயர் தான்யா. சான்றிதழில் டி, எச், ஏ, என், ஐ, ஒய், ஏ. வருகைப் பதிவு எடுத்த டீச்சர் அதை "தனியா" என்று வாசித்திருக்கிறார். "தனியாவா வந்தே, துணைக்கு ஆள் இல்லையா?" என்று பின் பெஞ்சுப் பையன் ஒருவன் ஆரம்பித்தது வருடம் முழுக்க ஓயவில்லை. போதாக்குறைக்கு மளிகைக் கடையில் கொத்தமல்லிக்கும் அதே பெயர். முதல் ஏ-யை இரண்டாக்கி, அந்த ஐ-யை எடுத்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது. இரண்டே எழுத்து.

அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும், பெயரை அல்ல. பெயரைச் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணமே இல்லை. அதன்பின் 15 வருடம் வரை கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் பதிவாளர் எழுத்துப் பிழையைத்தான் திருத்துவாரே தவிர, உங்கள் மனமாற்றத்தை அல்ல. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கு அந்தச் சான்றிதழே ஆதாரம். மருத்துவமனையில் டிஸ்சார்ஜ் ஆகிற அவசரத்தில் பெயரைச் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த ஒரு வருடம் உங்களுடையது.

சரி, எழுத்துக்கு வருவோம். தமிழ்ப் பெயரென்றால் தமிழ் எழுத்தில் குழப்பம் இல்லை, ஆங்கிலத்தில்தான் சிக்கல். வெளியிலிருந்து வந்த பெயரென்றால் நேர் எதிர். 'பாவனா' என்று தமிழில் எழுதினால் முதல் எழுத்தை அழுத்திச் சொல்வதா, மென்மையாகவா என்று வாசிப்பவருக்குத் தெரியாது. ஆங்கிலம் அதைக் காட்டிவிடும். ஆகவே எந்த எழுத்தில் உங்கள் பெயர் வழுக்குகிறதோ, அங்கே உட்கார்ந்து யோசியுங்கள். இரண்டையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் ஆங்கிலத்தைத் தட்டினால் தமிழ்க் கட்டம் தானாக நிரம்புகிற இடங்கள் உண்டு. அந்த இயந்திரத்துக்கு உங்கள் பிள்ளையைத் தெரியாது.

'ழ'-வுக்கு என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். கீழக்கரைக்கே ஆங்கிலத்தில் இன்னும் ஒரே எழுத்து அமையவில்லை. ஒரு பலகையில் முதல் எழுத்துக்குப் பின் ஐ, இன்னொன்றில் இரட்டை ஈ. ழகரம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எல். 2020-இல் அரசாங்கமே 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை போட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நான் சொல்வது: இசட், எச் போடுங்கள். தமிழ்நாட்டுக்காரர் அதை ழ என்றே வாசிப்பார். வடக்கே 'யாழினி' ஸகரத்தோடுதான் ஒலிப்பாள், அதற்கு மருந்தில்லை. எல் போட்டால் இரண்டு பக்கமும் தவறும்.

நெடிலும் அப்படித்தான். பெயரின் நடுவில் இரட்டை ஏ உதவும். கடைசியில் தேவையில்லை, நிலா, லதா எல்லாம் ஒற்றை ஏ-யிலேயே ஒழுங்காக முடிகின்றன. எண்கணிதம் பார்த்து மூன்று ஏ போடச் சொல்கிறவர், பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசையில் உங்களோடு வந்து நிற்க மாட்டார்.

வெளிநாடு போகிற வீடுகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. துபாயிலிருந்து விடுப்பில் வந்த காக்கா (எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) ஒருவர், மகளுக்கு 'ஜைனப்' என்று வைத்து, ஆங்கிலத்தில் ஜே போட்டு எழுதி வந்தார். வீட்டில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், உம்மாவின் பெயரும் ஜைனம்புதான். "பிள்ளையை அங்கே கூட்டிட்டுப் போவீங்களா காக்கா?" என்றேன். போவாராம். அங்கே அடையாள அட்டையில் அரபியிலும் பெயர் இருக்கும். ஆங்கில எழுத்தைப் பார்த்து அரபியில் தட்டுகிறவர் ஜே-வுக்கு ஜீம், அதாவது அரபியின் ஜகர எழுத்தைப் போட்டுவிடுவார். அசல் பெயரில் இருப்பதோ ஜீம் இல்லை, இசட் ஒலி தருகிற எழுத்து. அரபியிலிருந்து வந்த பெயர் அரபிக்கே வேறு எழுத்தோடு திரும்பிப் போகும். காக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இசட் போடச் சொன்னார்.

அதற்காக ஜே தப்பு என்று சொல்ல மாட்டேன். ராமேஸ்வரத்து அப்துல் கலாமின் முழுப் பெயரைப் பாருங்கள். ஜைனுலாப்தீனுக்கு ஜே, பக்கீருக்கு எஃப் இல்லாமல் பி. நம் கரையில் நாக்கு சொன்னபடி ஏறிய எழுத்துகள் அவை. தெரிந்து போட்டால் சரி, தெரியாமல் போட்டால்தான் பின்னால் வருத்தம். இன்னொன்று: பாஸ்போர்ட்டில் ஒற்றைச் சொல் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. இனிஷியலோடு நிறுத்தாமல் அப்பா பெயரையும் முழுதாக எழுதுங்கள், அதுவும் அவருடைய பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே.

எழுத்தைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி எளிது. டோக்கன் சீட்டின் பின்பக்கம் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, வரிசையில் இருக்கும் யாரோ மூன்று பேரிடம் நீட்டுவேன். எதுவும் சொல்லக் கூடாது. வாசிக்க மட்டும் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களிடம் கொடுத்துப் பயனில்லை, அவர்களுக்குப் பெயர் ஏற்கெனவே தெரியும்.

இந்தத் தடைக்காலத்தில் பாம்பன் அண்ணன் ஒருவர் வந்தார். மகளுக்கு 'நெய்தல்' என்று வைக்கப்போகிறார். எழுதி வந்தது என், ஈ, ஐ, பிறகு டைகர் டி (தமிழில் எழுதினால் இரண்டு டி-யும் ஒன்றுதான், என்ன செய்ய), எச், ஏ, எல். சீட்டை நீட்டினேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் "நீதல்" என்றாள். வயதானவர் ஒருவர் "நைதலா?" என்று கேட்டார். மூன்றாமவர் சிரித்துவிட்டு, தெரியவில்லை என்றார். ஐ-யை எடுத்து ஒய் போட்டு வேறு மூன்று பேரிடம் கொடுத்தேன். இருவர் சரியாக வாசித்தார்கள், ஒருவர் "நேதல்" என்றார். எச்-ஐ எடுத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். எடுத்தால் 'நெய்டல்' ஆகிவிடும், இருக்கட்டும் என்றேன்.

"மூணுக்கு ரெண்டு பரவாயில்லைம்மா," என்றார். ஆங்கிலக் கட்டத்தில் தட்டியதும் தமிழ்க் கட்டத்தில் 'நேதல்' என்று வந்து நின்றது. அழித்துவிட்டு, அவர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.