பயாப்ஸிக்குச் சிக்காத இரைப்பைப் புற்றுநோய்

இரைப்பைப் புற்றுநோய் என்றால் எண்டோஸ்கோப்பியில் கட்டியோ புண்ணோ தெரியும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். லினைட்டிஸ் பிளாஸ்டிகா என்ற அரிய வகையில் பல நேரம் இரண்டுமே இருக்காது. செல்களைப் பிணைக்கும் இ-கேடரின் புரதம் பெரும்பாலும் செயலிழந்துவிடுவதால், புற்றுச் செல்கள் திரளாமல் தனித்தனியே சுவருக்குள் ஊடுருவுகின்றன. அவற்றைச் சுற்றி நார்த்திசு பெருகிச் சுவர் தடித்து விறைக்கிறது. மேலே உள்ள சளிப்படலம் மட்டும் பல இடங்களில் இயல்பாகவே இருக்கும்.

வழக்கமான பயாப்ஸி இடுக்கி அந்தச் சளிப்படலத்தைத்தான் கிள்ளி எடுக்கிறது. நோய் இருப்பதோ அதற்குக் கீழே. அதனால் ‘நாள்பட்ட அழற்சி, புற்று இல்லை’ என்று அறிக்கை வரலாம். சில கவளத்திலேயே வயிறு நிரம்புகிறது, எடை குறைகிறது, வாந்தி வருகிறது என்றால் அந்த அறிக்கையோடு நின்றுவிடவே கூடாது.

எண்டோஸ்கோப்பியிலேயே ஒரு துப்பு உண்டு. காற்றைச் செலுத்தினால் இரைப்பை விரிந்து, உள்மடிப்புகள் தட்டையாக வேண்டும். தடித்த மடிப்புகள் அசையாமல் அப்படியே நின்றால் சந்தேகிக்க வேண்டும். நோயாளி ஏப்பம் விட்டாலும் இரைப்பை சரியாக விரியாது. ஆகவே காற்றை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்ப்பது அவசியம். சிடி ஸ்கேனிலும் இதே சிக்கல்தான்: சுருங்கிக் கிடக்கும் வெறும் இரைப்பையின் சுவர் தடிப்பாகத்தான் தெரியும். தண்ணீர் குடிக்க வைத்து விரித்த பிறகே படமெடுக்க வேண்டும். பெட் ஸ்கேனை இங்கே அதிகம் நம்ப முடியாது. அது குளுக்கோஸை அதிகம் உறிஞ்சும் செல்களைத்தான் காட்டும்; இந்தச் செல்களில் பல குளுக்கோஸைக் குறைவாகவே உறிஞ்சும்.

அடுத்தது எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட். இயல்பான சுவர் ஐந்து அடுக்குகளாகத் தெரியும். தடிமன் ஏறத்தாழ 4 மி.மீ.க்குள் இருக்கும். இந்நோயில் மூன்றாவது (சளிப்படலத்துக்கு அடியிலுள்ள திசு), நான்காவது (தசை) அடுக்குகள் தடித்திருக்கும். ஆழத்திலிருந்து திசு எடுக்க, கிள்ளிய இடத்திலேயே மீண்டும் மீண்டும் கிள்ளலாம். அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி ஊசி செலுத்தலாம். ஆழம் கூடக்கூட ரத்தக்கசிவும் துளை விழும் ஆபத்தும் கூடும். வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியே பார்க்கும் லேப்ராஸ்கோப்பியும் தேவை: வயிற்று உறையில் பரவிய சிறு மணிகளைச் சிடி தவறவிடும், உப்புநீரால் கழுவி எடுத்த திரவத்திலும் செல்களைத் தேடுவார்கள்.

திசுவைப் பார்க்கும் நோயியல் மருத்துவருக்குச் சந்தேகத்தை எழுதி அனுப்புவது மிக முக்கியம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் முத்திரை மோதிரச் செல்கள் (சளி நிரம்பி, உட்கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்ட புற்றுச் செல்கள்) அழற்சிச் செல்களைப் போலவே தோன்றும். அழற்சிச் செல்களில் இல்லாத சைட்டோகெரட்டின் புரதத்தைக் காட்டும் சாயம்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். மார்பகத்தின் பால் சுரப்பி நுண்மடல்களில் தோன்றும் லோபுலார் புற்றுநோய், சிகிச்சை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் இரைப்பைக்குப் பரவி இதே உருவில் வரலாம். சிகிச்சை முற்றிலும் வேறு என்பதால், பெண்களில் மார்பகப் புற்றைச் சுட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஜிஏடிஏ3 புரதச் சோதனைகளையும் சேர்த்துச் செய்ய வேண்டும்.

இதற்கு நெருங்கிய பரம்பரை வகை ஒன்றும் உண்டு. அதற்குக் காரணமான, இ-கேடரினை உருவாக்கும் சிடிஎச்1 மரபணுவின் பிழை, 1998இல் நியூசிலாந்தின் மாவோரி குடும்பங்களில் கண்டறியப்பட்டது. அப்பிழை உள்ளவர்களுக்கு ஒரே எண்டோஸ்கோப்பியில் இரைப்பையின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் 28 முதல் 30 துணுக்குகள் எடுக்கிறார்கள். அத்தனையிலும் ஒன்றும் கிடைக்காதவர்களின் இரைப்பையை அகற்றி முழுமையாக ஆராய்ந்தால், பெரும்பாலும் நுண்ணிய புற்றுத் திட்டுகள் அகப்படுகின்றன.