ஆழ்கடலில் தூண்டில் போடப் போகிறீர்களா? முதல் நாள் இரவே கவனிக்க வேண்டியவை

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்களிடம் வருபவர்களில் இப்போது ஒரு புது வகையினரும் சேர்ந்திருக்கிறார்கள். விடிகாலையில் ஃபைபர் படகில் ஏறி, பொழுதுபோக்காக ஆழ்கடலில் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள். ராடு, ரீல், லூர் என்கிற செயற்கை இரை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் வீடியோ பார்த்து, விலை விசாரித்து, பார்த்துப் பார்த்து வாங்கியிருப்பார்கள். உடம்பை எப்படித் தயார் செய்வது என்று மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

போகாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. வஞ்சிரமோ பாரையோ மாட்டிக்கொண்டு தூண்டில் நரம்பை இழுத்து ஓடிய கதையை, கையில் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே முகம் மலரச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். கரையிலிருந்து 20 கடல் மைல் என்றால் 37 கிலோமீட்டர். 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் வந்தாலும் கரை சேர ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். அதன்பின் மணலில் இறங்கி, வண்டி பிடித்து, மருத்துவமனை வர வேண்டும். 108 வண்டி அலை தாண்டி வராது. வீட்டில் நடந்தால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடக்கூடிய சங்கதி, அங்கே இரண்டு மணி நேரச் சங்கதி ஆகிவிடுகிறது. அதனால் முக்கால்வாசி வைத்தியம் கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் வாந்தி. புதிதாகப் போகிறவர்களின் முதல் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். படகு ஆடுவதைக் காதின் உட்பகுதி உணர்கிறது. கண்ணோ கையிலிருக்கும் முடிச்சையோ செல்போனையோ பார்த்து ‘ஆடவில்லை’ என்கிறது. இரண்டு தகவலும் மூளைக்குள் முட்டிக்கொள்வதால்தான் குமட்டல். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. படகின் முன்பகுதியான அணியம்தான் அதிகமாகத் தூக்கிப்போடும். பின்பகுதியான அமரத்தில் இன்ஜின் புகை அடிக்கும். நடுப்பகுதியில் காற்றோட்டமாக இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தூண்டில் முடிச்சு, லூர் மாட்டுவது போன்ற குனிந்து செய்கிற வேலைகளைக் கரையிலேயே முடித்துவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் பலர் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு விழுங்குவது ஒன்று. அந்த நேரத்தில் இரைப்பை மாத்திரையைக் குடலுக்குத் தள்ளாது; சற்று நேரத்தில் அதுவும் வெளியே வந்துவிடும். மற்றொன்று, மருந்துக்கடையில் ‘வாந்தி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு ஆண்டான்செட்ரான் வாங்கிக்கொண்டு போவது. புற்றுநோய் மருந்துகளால் வரும் வாந்திக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் அது நல்ல மருந்து. பயண வாந்திக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. புரோமெத்தசின், சின்னாரிசின் போன்றவைதான் இதற்கு உதவும். விடிகாலைப் பயணம் என்றால் புரோமெத்தசினை முந்தின இரவு படுக்கும்போதே போட்டுக்கொள்வது வழக்கம். சின்னாரிசினைக் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால். இரண்டும் தூக்கத்தைத் தரும். மதுவோடு சேர்ந்தால் ஆபத்து. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. முதல்முறை மாத்திரை போடுகிறவர்கள், விடுமுறை நாள் ஒன்றில் வீட்டிலிருக்கும்போது போட்டுப் பார்த்து, எவ்வளவு தூக்கம் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த வாந்தியே சர்க்கரை நோயாளிக்கு வந்தால் கதை வேறு. நம் ஊரில் ஐம்பது வயதைத் தொட்டவர்களில் எத்தனையோ பேர் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைட் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அதிகாலை நாலு மணிக்கு வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ‘படகில் சாப்பிட்டுக்கொள்ளலாம்’ என்று இட்லிப் பொட்டலத்தோடு கிளம்பியிருக்கிறார். ஒரு மணி நேரத்தில் வாந்தி. இட்லியைப் பிரிக்கவே இல்லை. எட்டு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்திருக்கிறார். கூடப்போனவர்கள் கடல் மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். எங்களிடம் கொண்டுவந்தபோது ரத்தச் சர்க்கரை 38-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் திறந்து, ‘எங்க இருக்கேன்?’ என்றார். படகிலேயே யாராவது நாலு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்திருந்தால், அப்போது அவருக்கு விழுங்கும் தெளிவு இருந்தது, அங்கேயே சரியாகியிருக்கும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நினைவிருக்கும்போதே கொடுத்துவிட வேண்டும்.

ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தால், கடலுக்குப் போகிறேன் என்று உங்கள் மருத்துவரிடம் சொல்லி அன்றைய மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகவே நிறுத்துவதும் தவறு. இன்சுலின் போடுகிறவர்களுக்கு அது இன்னும் பெரிய தவறு. உங்களுக்கு என்ன நோய், என்ன மாத்திரை என்பது படகு ஓட்டும் அண்ணனுக்கும் கூட வருகிற ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மாடி ஏறினாலே மார்பு இறுகுகிறது என்பவர் பெரிய சூரையோடு மல்லுக்கட்டக் கூடாது. அரை மணி நேரம் மூச்சைப் பிடித்து இழுப்பது இதயத்துக்குச் சாதாரண வேலை அல்ல.

வெயிலைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துணி, ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம். பீர் வேண்டாம்.

அடுத்து, தூண்டில் முள். எங்களிடம் வருபவற்றில் இதுதான் அதிகம். மீன் படகுக்குள் வந்த பிறகுதான் பெரும்பாலும் நடக்கிறது. மூன்று முள் சேர்ந்த லூரில் ஒரு முள் மீன் வாயில், இன்னொரு முள் உங்கள் உள்ளங்கையில். மீன் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் முள் ஆழமாக இறங்கும். அப்போது செய்ய வேண்டிய முதல் காரியம் கையை இழுப்பதல்ல. மீனை அமுக்கிப் பிடித்து, லூரை முள்ளோடு இணைக்கும் வளையத்தைக் கட்டரால் வெட்டி மீனைப் பிரிப்பது. நல்ல கட்டர் ஒன்று இல்லாமல் படகில் ஏறாதீர்கள். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும் செதில் இருக்கிறதே, அதுதான் வெளியே வரவிடாமல் சதையைக் கிழிப்பது. பழகும்வரை அதைக் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள். மீன் ஒன்றிரண்டு தப்பிப் போகும்; முள் உங்கள் கையில் ஏறினால் வந்த வழியே சுலபமாக வந்துவிடும்.

செதிலோடு ஏறிய ஒற்றை முள்ளை நாங்கள் எடுக்கும் ஒரு முறை இது. முள்ளின் வளைவில் ஒரு கெட்டி நூலைக் கோத்து, முள்ளின் தண்டை ஒரு விரலால் தோலோடு சேர்த்துக் கீழே அழுத்துவோம். அழுத்தும்போது செதில் சதையை விட்டு விலகும். அந்தக் கணத்தில் நூலைத் தோலுக்கு இணையாக வெடுக்கென்று இழுத்தால் முள் வந்துவிடும். கையிலும் முதுகிலும் இது சரி. கண், கழுத்து, விரல் மூட்டு இவற்றில் ஏறியதைக் கடலில் யாரும் தொடக் கூடாது. கண்ணில் ஏறினால் கழுவாமல், அழுத்தாமல், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டி அப்படியே கொண்டுவாருங்கள். ஈய உருண்டையோ முள்ளோ தெறித்து வருவதைத் தடுக்க விலை குறைந்த பாதுகாப்புக் கண்ணாடி போதும். கண்ணாடி இல்லாமல் படகில் தூண்டில் வீசுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

தங்கூஸ் என்கிற நைலான் நரம்பைக் கையில் சுற்றி இழுக்காதீர்கள். பாரை ஒரு இழுப்பு இழுத்தால் நரம்பு கத்தியாகிவிடும். தசைநாண் வரை அறுபட்ட விரல்களைப் பார்த்திருக்கிறேன். மோதிரத்தை வீட்டிலேயே கழற்றி வையுங்கள். மோதிரத்துக்குள் நரம்பு மாட்டினால் விரலின் தோலே உரிந்து வந்துவிடும். கல்யாண மோதிரம் என்று தயங்குகிறவர்கள் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

முள்ளில் விஷமுள்ள மீன்கள் நம் கடலில் ஏராளம். கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றும் அடிக்கடி தூண்டிலில் ஏறும். பார் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளின் ஓரங்களில் கல் மாதிரியே அசையாமல் கிடக்கும் மீன்கள் இன்னும் மோசம். இந்த விஷங்கள் புரதத்தால் ஆனவை, சூட்டில் சிதைந்துவிடும். குத்துப்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி, வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருக்க வேண்டும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்ப்பது அவசியம்; வலியில் இருக்கும் கைக்குச் சூடு உறைக்காது, வெந்துபோகும். துடித்துக்கொண்டு வந்தவர் வெந்நீர் வாளியில் கைவிட்ட பத்தாவது நிமிடம் தோளைத் தளர்த்திப் பெருமூச்சு விடுவதை நான் எப்போது பார்த்தாலும் வியப்புதான். இதற்காகவே ஒரு பெரிய ஃப்ளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போங்கள். டீக்கும் ஆகும். வலி போனாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்: முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டெட்டனஸ் ஊசி தேவைப்படலாம். கடல்நீர் பட்ட காயத்தில் விப்ரியோ கிருமி ஏறினால் ஒரே நாளில் கால் வீங்கிக் கொப்புளம் கிளம்பும். கல்லீரல் கெட்டவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் அது உயிரையே கேட்கும்.

கடல்பாம்புக்கு மட்டும் வெந்நீர் வைத்தியம் கிடையாது. கடித்த இடத்தில் வலியே இல்லாமல் இருக்கலாம். சில மணி நேரம் கழித்து உடம்பு முழுக்கத் தசைவலி, சிறுநீர் கறுத்துப் போவது, இமை சரிவது, மூச்சுத் திணறல் என்று வரும். இங்கே கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. கடல்பாம்புக்கு வேலை செய்யாது. செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்குத்தான் நேராகப் போக வேண்டும். தூண்டிலில் பாம்பு வந்தால் நரம்பை வெட்டி விடுங்கள், லூர் போனால் போகட்டும்.

உயிர்காப்பு அங்கி பற்றிப் பேசினால் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். படகுக்காரர் போடவில்லையே என்கிறார்கள். அவர் அந்தக் கடலில் பிறந்து வளர்ந்தவர். அவருமே போட வேண்டும் என்பதுதான் என் கருத்து. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பயணிகளை ஏற்ற அனுமதியுள்ள படகா, ஆளுக்கொரு அங்கி இருக்கிறதா, கரையோடு பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ வேலை செய்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். படகு ஓரத்தில் நின்று சிறுநீர் கழிக்கும்போது தடுமாறி விழுவது உலகம் முழுக்க நடப்பது. உட்கார்ந்து ஒரு வாளியில் போய்விட்டுக் கொட்டிவிடலாம், இதில் வெட்கமில்லை. மூழ்கியவரைத் தூக்கிப் படகில் போட்டதும் மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயலாதீர்கள். முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுங்கள், பிறகு நெஞ்சை அழுத்துங்கள்.

பருவத்தையும் பாருங்கள். சென்னைப் பக்கம் புதியவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரையிலான காலைப் பொழுதுகள் நல்லவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் முதல் பயணம் வேண்டாம். வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை உயர முன்னறிவிப்பையும் முந்தின இரவு பார்த்துவிடுங்கள். இடி கேட்டால் ராடுகளைப் படுக்க வையுங்கள். கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும். கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. இரண்டையும் போனில் ஏற்றி, போனை நீர்புகா உறையில் வையுங்கள்.

கடைசியாக, பிடித்த மீன். சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி இவற்றை வெயிலில் போட்டுவைத்தால் கிருமிகள் சதையில் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கிவிடும். பொரித்தாலும் குழம்பில் கொதிக்க வைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். குடும்பத்தோடு வருவார்கள், மீன் அலர்ஜி என்பார்கள்; அலர்ஜி அல்ல, இந்த ஹிஸ்டமின்தான். மீனைப் பிடித்ததும் செவுள் ஓரத்தில் கீறி ரத்தத்தை வடியவிட்டு, மீனின் எடைக்குச் சமமான ஐஸில் கடல்நீர் கலந்து அதில் புதைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று மணி நேரம் படகுத் தளத்தில் காய்ந்த சூரையைப் பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துப் பயனில்லை. அக்கம்பக்கத்துக்கும் கொடுக்காமல் கொட்டிவிடுங்கள். ஊதிப் பெருக்கும் பேத்தை மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றிக் கடலிலேயே விட்டுவிடுங்கள். எந்தச் சமையலும் அதன் விஷத்தை எடுக்காது.