கட்டிலைக் கழற்றாமல் மூட்டைப்பூச்சி போகாது

போனில் பேசும்போதே குரல் தாழ்ந்துவிடும். "வரும்போது கம்பெனி சட்டை போடாமல் வர முடியுமா? பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டாம்." பூச்சி ஒழிப்பு வேலையில் இருக்கிற எனக்கு இது பழகிப்போன வேண்டுகோள். கரையானுக்கோ கரப்பானுக்கோ கூப்பிடுகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை. மூட்டைப்பூச்சி என்றால் மட்டும் ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்திலேயே இரண்டு மூன்று மாதம் ஓடிவிடுகிறது. அதற்குள் ஒரு கட்டிலில் இருந்தது அடுத்த அறைக்கும் போய்விடுகிறது.

மூட்டைப்பூச்சி அழுக்கைத் தேடி வருவதில்லை. அதற்கு வேண்டியது ரத்தம் மட்டும்தான். நாம் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவையும் உடம்புச் சூட்டையும் வைத்து நம்மைக் கண்டுபிடிக்கிறது. பளிச்சென்று துடைத்து வைத்த வீட்டிலும் மனிதர்கள் தூங்கத்தானே செய்கிறார்கள்? அதற்குப் பறக்கவும் தெரியாது, குதிக்கவும் தெரியாது. பயணப் பெட்டியிலோ, விடுதியில் வைத்த பையிலோ, யாரோ பயன்படுத்திய சோபாவிலோ நாம்தான் சுமந்து வருகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு வீட்டுக்குப் போனேன். ஆறு வயதுப் பையனின் கையிலும் கழுத்திலும் வரிசையாகத் தடிப்புகள். அப்பாவுக்கு ஒரு தடிப்புகூட இல்லை. அதனால் கொசுக்கடி என்றே நினைத்திருக்கிறார்கள். கடித்தால் எல்லோருக்கும் தடிக்காது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்குப் பல நாள் கழித்துத்தான் அரிக்கும். கடைசியில் ஒரு பூச்சி கண்ணில் பட்டதும் மெத்தையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கியிருக்கிறார்கள். இரண்டே வாரத்தில் மறுபடியும் கடி.

புது மெத்தையின் தையல் ஓரங்களை டார்ச் அடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பிறகு கட்டிலின் தலைமாட்டுப் பலகையைச் சுவரிலிருந்து நகர்த்தி ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். ஒரு ஓட்டையைச் சுற்றிப் பேனா மை சொட்டினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். ஈரப் பஞ்சால் தேய்த்ததும் பழுப்பாக இழுத்துக்கொண்டு வந்தது. செரித்த ரத்தம் அது. அந்த ஓட்டைக்குள்தான் குடும்பமே இருந்தது: 5 மில்லிமீட்டர் அளவில் தட்டையான பெரியவை, பாதி ஒளி ஊடுருவுகிற குஞ்சுகள், உரித்துப் போட்ட தோல்கள், மரத்தோடு ஒட்டிய வெள்ளை முட்டைகள். "இதுக்குள்ளயா?" என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டார்.

மூட்டைப்பூச்சி நம் மேல் இருப்பது ஐந்து, பத்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் இடுக்கில் கிடக்கிறது. ஒரு ஏடிஎம் அட்டை நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதனால் மருந்தைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கட்டில் மூட்டுகள், பலகையின் அடிப்பக்கம், கால்களின் பிளாஸ்டிக் மூடி, மெத்தையின் நான்கு மூலை, பக்கத்து மேசையின் இழுப்பறை, சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம், விரிசல், சுவிட்ச் போர்டு ஓரம். தூங்கும் இடத்திலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாகத் தேடிக்கொண்டே போக வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. சுவிட்ச் போர்டைத் திறப்பதானால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் திறங்கள். அதற்குள் தண்ணீரோ ஆவியோ மருந்தோ போகக் கூடாது.

அதே வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. கடிக்குப் பயந்து பையனை ஹாலில் சோபாவில் படுக்க வைத்திருக்கிறார்கள். நான் போகும்போது சோபாவின் தையலிலும் புள்ளிகள் இருந்தன. படுக்கையை மாற்றினால் பூச்சி பட்டினி கிடக்காது, அலைந்து தேடும். தலையணை, போர்வையோடு கூடவே போகவும் செய்யும். கஷ்டம்தான், ஆனாலும் அதே கட்டிலைச் சுத்தம் செய்து அதிலேயே படுப்பதுதான் நல்லது.

சரி, எப்படி ஒழிப்பது? நான் முதலில் நம்புவது சூட்டைத்தான். 50 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பூச்சியும் முட்டையும் தாங்காது. துணிகள், போர்வை, உறைகளை அந்த அறையிலேயே பையில் போட்டுக் கட்டி எடுத்துப் போய் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். டிரையர் இருந்தால் அதிக சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். கைகளில் அள்ளிக்கொண்டு வீடு முழுக்க நடந்தால் வழியெல்லாம் உதிரும். மெத்தைத் தையலுக்கும் மர இடுக்குக்கும் நீராவி. முனையை மெதுவாக நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் மேல்பக்கம்தான் சுடும், உள்ளே இருப்பது பிழைத்துக்கொள்ளும். வேக்குவம் கிளீனர் போட்டால் அதன் பையை உடனே கட்டி வெளியே எறிந்துவிடுங்கள். கடைசியில் மெத்தை முழுவதையும் மூடும் ஜிப் உறை போட்டால், உள்ளே தப்பியது வெளியே வராது.

மருந்தே வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அடிக்கிறேன். ஆனால் ஒரு தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. பெண் பூச்சி ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஐந்து முட்டை வரை இடும். பல மருந்துகள் முட்டையை ஒன்றும் செய்வதில்லை. ஆறு முதல் பத்து நாளில் குஞ்சு வெளியே வரும். அதனால் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போய்த்தான் ஆக வேண்டும். எதிர்ப்புச் சக்தியும் சேர்ந்துகொள்கிறது. டிடிடி என்ற பூச்சி மருந்துக்கு அடங்காத மூட்டைப்பூச்சி 1947லேயே ஹவாயில் ஒரு கடற்படைத் தளத்தில் தென்பட்டது. இன்று பல வீட்டு ஸ்ப்ரேக்களில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகளையும் தாங்கும் பூச்சிகள் உலகெங்கும் இருக்கின்றன. அறை நடுவில் வைத்துத் திறந்துவிடும் புகை டப்பாக்களும் பயன் தருவதில்லை. அதன் துளிகள் திறந்த இடத்தில் படிகின்றன, இடுக்குக்குள் போவதில்லை.

அடுத்துச் சொல்லப் போவதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தானியக் கிடங்குக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். காற்றில் உள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற விஷ வாயு வரும். சுவர் விரிசல் வழியாகவும் குழாய் ஓட்டை வழியாகவும் பக்கத்து வீட்டுக்குப் போகும். அந்த விஷத்தை முறிக்க மருந்து கிடையாது. தூக்கத்திலேயே குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தை மெத்தையில் அடிப்பதும், மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ ஊற்றுவதும் இதே ரகம்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக, உண்மையிலேயே வீடு தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. இந்தப் பூச்சி கடித்து நோய் பரவியதாக நிரூபணம் இல்லை. அரிப்பு, தூக்கக் கேடு, சொறிந்த இடத்தில் புண், பூச்சி மிக அதிகமானால் ரத்தசோகை. இதற்காக உயிரைப் பணயம் வைக்கவே கூடாது. என்ன மருந்து என்று பெயர் சொல்லாத ஆளையும் வீட்டுக்குள் விடாதீர்கள். பெயர் என்ன, எங்கே அடிப்பார், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், மறுபடி எப்போது வருவார் என்று கேளுங்கள்.

அப்புறம், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். போர்வை தரையைத் தொடக் கூடாது. ஒவ்வொரு காலுக்கும் அடியில் உட்பக்கம் வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து, கொஞ்சம் டால்கம் பவுடர் தடவி விடுங்கள். வழுக்குகிற சுவரில் மூட்டைப்பூச்சியால் ஏற முடியாது. அந்த வீட்டில் முதல் வாரம் நான்கு கிண்ணத்திலும் சேர்த்துப் பதினொரு பூச்சி விழுந்தன. இரண்டாவது தடவை நான் போன பிறகு இரண்டு. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஆனாலும் கிண்ணத்தை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். பட்டினியாகவே பல மாதம் இருக்கக் கூடிய பூச்சி இது. கடைசிப் பூச்சி கண்ணில் பட்ட நாளிலிருந்து எட்டு வாரமாவது வாரம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். மெத்தை உறையை ஒரு வருடத்துக்குக் கழற்றாதீர்கள்.