கம்பி எவ்வளவு நீளம்னு முதல்ல சொல்லுங்க தம்பி

மதுரையில எலக்ட்ரானிக்ஸ் போர்டு சர்வீஸ் பண்றேன். காலேஜ் பசங்க, வீட்ல ஆர்வமா எதாச்சும் செஞ்சு பாக்குறவங்க எல்லாம் ஓடாத ப்ராஜெக்ட்டைத் தூக்கிட்டு வருவாங்க, நிறைய நேரம் கோளாறு கோட்லயும் இருக்காது சென்சார்லயும் இருக்காது, பஸ்ஸை, அதாவது சிப்புங்க ஒண்ணோட ஒண்ணு டேட்டா பேசிக்கிற கம்பி வழியை, தேர்ந்தெடுத்ததுலதான் இருக்கும்.

போன மாசம் திருமங்கலம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தாப்ல. அவங்கப்பா மல்லிகைத் தோட்டத்துல மண் ஈரத்தைப் பாத்து மோட்டார் ஓடணும். மோட்டார் ரூம்ல ஈஎஸ்பி32ங்கிற கன்ட்ரோலர் போர்டு, பாத்தியில ஈர சென்சார், அதோட வோல்ட்டை நம்பரா மாத்துற ஒரு ஏடிஎஸ்1115 போர்டு, நடுவுல 15 மீட்டர் நெட்வொர்க் கேபிள்ல ஐ2சிங்கிற பஸ். "அண்ணே, மேசையில ஒரு வாரம் நல்லா ஓடுச்சுண்ணே, தோட்டத்துல மோட்டார் ஸ்டார்ட் ஆனாலே நின்னு போகுது"ன்னாப்ல. ரெண்டு தடவை சென்சாரை வேற மாத்திருக்காப்ல, அது வீண் செலவு, கேக்கவே கஷ்டமா இருந்துச்சு.

ஐ2சி 1982ல பிலிப்ஸ் கம்பெனி டிவி பெட்டிக்குள்ள இருக்குற ஐசிங்க ஒண்ணோட ஒண்ணு பேச உண்டாக்குனது. அதுல லைனை கீழ இழுக்கத்தான் ஐசி, மேல தூக்குறது சப்ளையோட சேத்து விட்ட ஒரு ரெசிஸ்டர் (புல்-அப்) மட்டுந்தான். கேபிள் நீள நீள அதோட கெப்பாசிட்டன்ஸும், அதாவது சார்ஜைப் பிடிச்சு வைக்கிற அளவும், கூடும், அதையும் அந்த ரெசிஸ்டர்தான் நிரப்பணும். மொத்தமா 400 பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸோட அளவு) வரைக்குந்தான் கணக்கு. நெட்வொர்க் கேபிள் மீட்டருக்கு சுமார் 50 பிகோஃபாரட், அப்ப 8 மீட்டர்லயே தீந்து போச்சு. கடையில அதே கேபிளைப் போட்டு, சிக்னலைப் படமா காட்டுற ஸ்கோப்புல காட்டுனேன், செங்குத்தா ஏற வேண்டிய அலை லோடு வண்டி மேடேறுற மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஏறுது, உச்சியைத் தொடுறதுக்குள்ள அடுத்த பிட் வந்துருது. அது மேல மோட்டார் இரைச்சலும் விழுந்தா நின்னு போகத்தானே செய்யும். தம்பி முகம் அப்பத்தான் தெளிஞ்சுச்சு.

எஸ்பிஐன்னு இன்னொரு பஸ் இருக்கு, அதுல லைனை மேலயும் கீழயும் ஐசியே தள்ளும், அதனால வேகம், டிஸ்ப்ளேக்கும் எஸ்டி கார்டுக்கும் அதான் சரி, ஆனா அதுவும் பெட்டிக்குள்ளதான்.

தோட்டம், கிணறு, மாடின்னு வெளிய போனா தூரத்துக்குன்னே உள்ள ஆர்எஸ்-485 போடுங்க. முறுக்குன ரெண்டு கம்பிக்கு நடுவுல உள்ள வித்தியாசத்தைத்தான் அது படிக்கும், மோட்டார் இரைச்சல் ரெண்டுலயும் ஒண்ணா விழுறதால பெரும்பாலும் கழிஞ்சு போயிரும். வேகத்தைக் குறைச்சா 1200 மீட்டர் வரைக்கும் போகும். தம்பிக்கு சென்சார் பக்கத்துலயே ஒரு சின்ன அர்டுயினோ கன்ட்ரோலர் போர்டு வச்சு, அங்கேயே ஐ2சியில படிச்சு, 485ல அனுப்ப வச்சோம்.

485 கேபிளோட ரெண்டு நுனியிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கணும், பல 485 மாட்யூல்ல அது ஏற்கனவே இருக்கும், நடுவுல வர்ற மாட்யூல்ல மட்டும் எடுத்துருங்க. மாட்யூல்ல வர்ற மேக்ஸ்485 ஐசி 5 வோல்ட்டு, ஈஎஸ்பி32 பின்னு 3.3 வோல்ட்டுதான் தாங்கும், அதுக்கு 3.3லயே ஓடுற மேக்ஸ்3485 வாங்குங்க. மோட்டார் வயர் போற பைப்புலயே சிக்னல் கேபிளை விட்றாதீங்க, இன்சுலேஷன் உரிஞ்சா கரண்ட்டு போர்டைத் தொடுற கை வரைக்கும் வந்துரும். அப்புறம் 485ஓட ரெண்டு கம்பிக்குமான ஏ, பி பேரை சில கம்பெனி மாத்திப் போட்டிருப்பாங்க, டேட்டா வரலைன்னா ரெண்டு கம்பியையும் மாத்திப் பாருங்க, ஒண்ணும் எரியாது.