சம்பலா, சம்பாலா?

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே இருக்கும் ஒரு சின்ன ஃபுட் கோர்ட். ஓரத்துக் கடையில் இந்தோனேசியச் சாப்பாடு. ஆயம் பென்யெட் 7 வெள்ளி. ஆயம் என்றால் கோழி, பென்யெட் என்றால் நசுக்கியது. பொரித்த கோழியைக் கல்லில் வைத்துக் குழவியால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். சதை எலும்பை விட்டுக் கொஞ்சம் பிரிந்து கொடுக்கும். கூடவே சோறு, வெள்ளரித் துண்டு, தோஃபு, தெம்பே, தட்டின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு கரண்டி சம்பல். கடைக்கார அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "தம்பா?" என்றார். இன்னும் வேண்டுமா என்று கேட்கிறார். நாம் பார்க்காத காரமா என்ற திமிரில் தலையை ஆட்டிவிட்டேன். அப்புறம் இரண்டு கிளாஸ் ஐஸ் டீ செலவானது.

மேசையில் நாங்கள் மூன்று பேர். நான் திருநெல்வேலிக்காரன். ஒருவர் யாழ்ப்பாணம், இன்னொருவர் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்.

"இதையோ சம்பல் எண்டு சொல்லினம்? தேங்காய்ப்பூவையே காணேல்லை" என்றார் யாழ்ப்பாணத்தார்.

"சம்பால்னா இதுதான் லா. தேங்காய் போட்டா அது சட்னி" என்றார் ஈப்போக்காரர்.

எனக்கோ அது தக்காளித் தொக்குக்குத் தங்கச்சி போலத் தெரிந்தது. மூன்று பேருமே தமிழர்கள்தான், ஆனால் ஒரு சொல்லுக்கு மூன்று பேர் மனதிலும் மூன்று கிண்ணங்கள்.

சொல் ஜாவாவிலிருந்து வந்தது. மணிமேகலை சாவகம் என்று சொல்லும் நாடு அதுதான் என்பார்கள். ஜாவா மொழியில் சம்பெல். இந்தோனேசிய மொழியிலும் மலாயிலும் சம்பல். மிளகாயை உப்போடு சேர்த்து நசுக்கி அரைத்து, சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் பண்டம். அடிப்படை அவ்வளவுதான். மேற்கொண்டு எதைச் சேர்க்கிறோமோ அது பின்னொட்டாக வரும். இறாலை உப்பிட்டு நொதிக்கவைத்த தெராசியைச் சேர்த்தால் சம்பல் தெராசி. பாலித் தீவில் சின்ன வெங்காயம், எலுமிச்சைப் புல், மிளகாய் எல்லாவற்றையும் பச்சையாக நறுக்கி எண்ணெய் விட்டுப் பிசறினால் சம்பல் மாத்தா. பச்சை மிளகாயில் செய்வது சம்பல் ஈஜோ. ஈஜோ என்றால் பச்சை நிறம்.

அரைக்கும் கல்லையும் பார்க்க வேண்டும். சோபெக் என்பது நம் அம்மியும் இல்லை, உரலும் இல்லை. எரிமலைக் கல்லில் குடைந்த, ஆழமில்லாத தட்டு. குழவி நேராக இருக்காது, கைப்பிடி வளைந்திருக்கும். அதைப் பிடித்து இடிப்பதில்லை. மணிக்கட்டைச் சுழற்றித் தேய்த்து நசுக்குகிறார்கள். அந்தச் செயலுக்குப் பெயர் ஊலெக். சூப்பர் மார்க்கெட் பாட்டில்களில் பழைய டச்சு எழுத்துமுறையில் இதை oelek என்று அச்சடித்திருப்பதால் பலர் 'ஓலெக்' என்று வாசிக்கிறார்கள். இந்தோனேசியர்கள் அந்த எழுத்துக்கூட்டலை 1947இலேயே மாற்றிவிட்டார்கள். பாட்டில்கள்தான் இன்னும் மாறவில்லை.

இப்போது ஒரு சிக்கல். மிளகாய் இல்லாமல் சம்பல் இல்லை என்கிறோம். ஆனால் மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் கோழிக்கோட்டுக்கும் 1511இல் மலாக்காவுக்கும் வந்த போர்ச்சுக்கீசியரின் காலத்தில்தான் இந்தப் பக்கம் பரவியது. அதற்கு முன் காரத்துக்கு இருந்தவை மிளகு, இஞ்சி, திப்பிலி. இந்தோனேசிய மொழியில் மிளகாய்க்குப் பெயர் சாபாய், பேச்சில் சாபே. அது முதலில் ஜாவாத் திப்பிலியின் பெயர். புதிதாக வந்த மிளகாய் அந்தப் பெயரைப் பறித்துக்கொண்டது. பாவம், சொந்தக்காரனான திப்பிலியை இன்று 'சாபே ஜாவா', அதாவது ஜாவா மிளகாய் என்று அடைமொழி போட்டுக் கூப்பிடுகிறார்கள். சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் மிளகாயை லாடோ என்கிறார்கள். மலாயில் மிளகுக்குப் பெயர் லாடா. நாம் மட்டும் என்ன செய்தோம்? மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் என்றோம். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே எல்லாரும் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

மினாங்கபாவு மொழியில் இன்னொரு விசேஷம்: சம்பா என்றால் சோற்றோடு சாப்பிடும் எந்தத் தொடுகறியும்தான். மிளகாயில் செய்தால் சம்பா லாடோ. மினாங்கபாவு மக்களின் ஊரான பாடாங்கின் பெயரில் நடக்கும் சாப்பாட்டுக் கடைகளில் இந்தப் பெயர் காதில் விழும்.

சரி, தமிழுக்கு எப்படி வந்தது? இரண்டு வாசல் வழியாக.

முதல் வாசல் இலங்கை. கடற்கரைப் பகுதிகளை 1796 வரை வைத்திருந்த டச்சுக்காரர்கள், இன்று ஜகார்த்தா என்று சொல்லும் பத்தாவியாவிலிருந்து படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள்தான் இலங்கை மலாய்க்காரர்கள். அவர்கள் சமையலோடு சொல்லும் கரையேறியது. ஆனால் இலங்கைக்கு வந்த சம்பல், தேங்காயிடம் சரணடைந்துவிட்டது. செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, தேங்காய்ப்பூ என்கிற தேங்காய்த் துருவல், கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. உரலில் போட்டு இடித்தால் இடிச்ச சம்பல். புட்டுக்கும் இடியப்பத்துக்கும் பாண் என்கிற ரொட்டிக்கும் அதுவே துணை. வெங்காயத்தை மெல்ல வதக்கிச் சீனி போட்டால் சீனிச் சம்பல். தெராசி செய்த வேலையை இங்கே மாசிக் கருவாடு எடுத்துக்கொண்டது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களிலும் மாசிச் சம்பல் உண்டு. நான் சின்ன வயதில் தின்ற ஒரே சம்பல் அதுதான், அதற்கு ஜாவாவோடு உறவு என்று யார் கண்டார்கள்.

இரண்டாவது வாசல் மலேசியாவும் சிங்கப்பூரும். இங்கே மலாய்க்காரர் பக்கத்து வீட்டிலேயே இருந்ததால் பண்டம் அதிகம் மாறவில்லை. மிளகாய் விழுதை எண்ணெய் பிரியும்வரை வதக்கி, நெத்திலி போட்டு, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு வைப்பார்கள். மாறியது உச்சரிப்புதான், கடைசி அசையை நீட்டி, சம்பால் ஆக்கிவிட்டார்கள்.

சாம்பாரிலிருந்து சம்பல் வந்தது, சம்பாரத்திலிருந்து வந்தது என்றெல்லாம் சிலர் சொல்வார்கள். சம்பாரம் வடமொழியிலிருந்து வந்த, மசாலாப் பொருள்களைக் குறிக்கும் சொல். ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து உறவு கொண்டாடினால் சம்பளத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். நாம் உண்மையில் கொடுத்த சொற்கள் அதே தட்டிலும் மேசையிலும் இருக்கின்றன. தெம்பே சோயாவில் செய்வது. இந்தோனேசிய மொழியில் சோயாவுக்குப் பெயர் கெடெலை, அது நம் கடலை. மலாயில் கெடாய் என்றால் கடை. கடையையும் கடலையையும் கொடுத்துச் சம்பலை வாங்கியிருக்கிறோம், மோசமில்லை.

இனி, சம்பலுக்கு நேர்த் தமிழ்ச் சொல் உண்டா என்று பார்ப்போம். முதலில் எல்லாருக்கும் தோன்றுவது சட்னி, ஆனால் அது இந்தியிலிருந்து வந்தது. துவையல் நல்ல சொல். துவைத்தல் என்றால் இடித்து மசித்தல். துணியையும் அப்படித்தானே அடித்துத் துவைத்தோம். புறநானூற்றின் 14ஆம் பாட்டில் கபிலர் 'ஊன்துவை கறிசோறு' என்கிறார். அவ்வளவு பழைய சொல். கல்லில் அரைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. ஒரு குறை, நம் துவையலில் பருப்போ தேங்காயோ தலைவன், மிளகாய் கையாள். அதனால் பச்சையாக அரைத்த சம்பலுக்கு மிளகாய்த் துவையல் என்று முழுதாகச் சொல்லலாம். வதக்கியதற்கு மிளகாய்த் தொக்கு. ஆனால் பாலியின் சம்பல் மாத்தா இரண்டிலும் சேராது, அரைப்பதே இல்லையே. சம்பல் கோரெங் ஆத்தி என்பது ஈரலை மிளகாய் மசாலாவில் வதக்கிய முழுக் கறி. அதைத் துவையல் என்று எழுதினால், படித்துவிட்டு வாங்குகிறவர் சண்டைக்கு வருவார்.

என்னைக் கேட்டால் சம்பல் என்றே எழுதலாம். முதல்முறை மட்டும் பக்கத்தில் மிளகாய்த் துவையல் என்று ஒரு விளக்கம் போதும். ஈழத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் சொல்லை அயல்சொல் என்று ஒதுக்குவதில் அர்த்தமில்லை. எழுதுவதற்கும் தொல்லையில்லை, கிரந்த எழுத்து வேண்டாம், மகரத்துக்குப் பின் வரும் பகரம் தானாகவே மெலிந்து ஒலிக்கும். மூல ஒலிக்கும் நெருக்கம் சம்பல்தான் என்று மேசையில் தீர்ப்புச் சொன்னேன். யாழ்ப்பாணத்தார் சிரித்தார். ஈப்போக்காரர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, "சனிக்கிழமை சம்பால் சாப்பிடப் போலாமா?" என்று கால் போட்டுத்தான் எனக்கு எழுதுகிறார்.