எந்த வரைபடம் இன்று செல்லும்?

வரைபடம் வராமல் கட்டுமான வேலை நின்றுபோவதைவிட, பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு வேலை தடையின்றி நடப்பதே பெரிய ஆபத்து. உத்திரத்தின் கம்பி 16 மில்லிமீட்டரிலிருந்து 20 ஆக மாறிய செய்தி பொறியாளரின் மின்னஞ்சலில் கிடக்கும். கம்பி கட்டுபவர் கையிலுள்ள தாளில் 16 என்றே இருக்கும். கான்கிரீட் போட்டபின் அந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

இதைத் தடுக்க உருவானதே பொதுத் தரவுச் சூழல் எனப்படும் இணையவழி ஏற்பாடு. அது கோப்புகளைப் போட்டுவைக்கும் கிடங்கு அன்று. 2018இல் வெளியான ஐஎஸ்ஓ 19650 தரநிலை, ஒவ்வொரு கோப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லச் சொல்கிறது: வரையும் குழுவுக்குள் மட்டும் இருக்கும் பணிநிலை, மற்றக் குழுக்கள் எடுத்துத் தங்கள் வேலையோடு ஒப்பிடும் பகிர்வுநிலை, ஒப்புதல் பெற்றுக் கட்டுவதற்கு உரியதான வெளியீட்டுநிலை, பழையவை அழியாமல் சேரும் காப்புநிலை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக, பொறுப்பான ஒருவர் சரிபார்த்துத் தம் பெயரில் அனுமதிக்க வேண்டும். பிரிட்டனில் வழங்கும் முறையில் திருத்த எண்ணே நிலையைக் காட்டிவிடும்: பி01.02 என்று புள்ளியோடு இருந்தால் வரைபவர் இன்னும் கை எடுக்கவில்லை. புள்ளி உதிர்ந்து பி01 ஆனால் பகிரப்பட்டது. சி01 என்றால் ஒப்பந்தப்படி ஏற்கப்பட்டது. அச்சிட்ட தாளிலும் கியூஆர் குறியீடு இருந்தால், தளத்தில் நிற்பவர் கைப்பேசியால் அதைப் படித்து, அந்தத் தாள் இன்னும் செல்லுமா என்று அங்கேயே அறியலாம்.

இந்தக் கட்டுப்பாடு வெறும் அலுவலகச் சடங்கு என்று நினைப்பவர்கள் 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் நடந்ததை அறிய வேண்டும். ஹயாட் ரீஜன்சி விடுதியின் கூடத்தில், நான்காம் தள நடைபாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் தள நடைபாலமும் கூரையிலிருந்து இறங்கும் ஒரே எஃகுத் தண்டுகளில் தனித்தனியே தொங்க வேண்டும் என்பதே மூல வடிவம். அவ்வளவு நீளத் தண்டில் மரை வெட்டுவது கடினம் என்பதால், ஒரு தண்டு இரண்டாக்கப்பட்டது. கீழ்ப்பாலம் மேல்பாலத்தின் உத்திரத்திலிருந்து தொங்கியது. அதனால் மேல்பாலத்தின் உத்திரத்தைத் தண்டில் தாங்கிய நட்டின் மேல் விழும் சுமை இரட்டித்தது. மாற்றம் ஏற்கப்பட்டது, அந்த இணைப்பை எவரும் மீண்டும் கணக்கிடவில்லை. இரண்டு பாலங்களும் விழுந்து 114 பேர் இறந்தனர்.

கணக்குப் போடாமல் ஒப்புதல் தருபவரை எந்த மென்பொருளாலும் தடுத்துவிட முடியாது. ஆனால் பொதுத் தரவுச் சூழலில் அந்தத் தண்டின் மாற்றம் ஒரு புதிய திருத்தமாகவே நுழைந்திருக்கும். யார் கேட்டார், யார் சரிபார்த்தார், கணக்குத் தாள் எங்கே என்ற மூன்று கட்டங்களும் நிரம்பாதவரை அது சி என்ற எழுத்தைப் பெறாதவாறு அமைக்க முடியும்.