ஊருக்கு வரும் சின்னப் பிள்ளைகள்: தாத்தா பாட்டி வீட்டில் கவனிக்க வேண்டியவை

பாலித் தீவுக்குச் சுற்றுலா போவதென்றால் குழந்தைக்கு என்ன தடுப்பூசி வேண்டும், எந்தத் தண்ணீர் குடிக்கலாம் என்று பத்து இடத்தில் விசாரிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து சொந்த ஊருக்கு வருவதென்றால் கேட்பதில்லை. நம்ம வீடுதானே என்ற நினைப்பு. ஆனால் ஹோட்டலில் நான்கு நாள் தங்கிப் போகிறவரைவிட, சொந்தக்காரர் வீட்டில் ஐந்தாறு வாரம் இருந்து, கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு, தெருப் பிள்ளைகளோடு விளையாடும் குழந்தைக்குத்தான் டைபாய்டும் ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலையும் வர வாய்ப்பு அதிகம். "நாங்க இந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே வளர்ந்தோம்" என்று தாத்தா சொல்வார். அவர் உடம்புக்கு அது பொருந்தலாம். டொராண்டோவிலோ லண்டனிலோ பிறந்த பேரனின் உடம்புக்கு இந்த ஊர்க் கிருமிகள் புதுசு.

டிக்கெட் போட்ட கையோடு, கிளம்புவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே உங்கள் ஊர் மருத்துவரைப் பாருங்கள். பிரிட்டன், அமெரிக்கா, கனடா வழக்கமான அட்டவணையில் டைபாய்டு தடுப்பூசி கிடையாது, கேட்டால்தான் போடுவார்கள். அங்கே பரவலாகக் கிடைக்கும் டைபாய்டு ஊசியை 2 வயதுக்கு மேல்தான் போட முடியும். குறைந்தது 2 வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ ஊசி 1 வயதிலிருந்து. 6 முதல் 11 மாதக் குழந்தையாக இருந்தால் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசியைப் பயணத்துக்காக முன்கூட்டியே ஒரு தவணை போடலாம். அந்தத் தவணை கணக்கில் சேராது. ஒரு வயதுக்குப் பிறகு வழக்கமான இரண்டு தவணையும் போட்டே ஆக வேண்டும். இதைப் பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள்.

விமானத்தில் இரண்டே விஷயம். இறங்கத் தொடங்கும்போது, அதாவது தரை தொடுவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பு, குழந்தையை எழுப்பிப் பாலோ தண்ணீரோ குடிக்க வையுங்கள். விழுங்கும்போது காது வலி குறையும். தூங்க வைக்கச் சளி மருந்து கொடுக்காதீர்கள். சில குழந்தைகளுக்கு அது தூக்கத்துக்குப் பதில் ஆட்டபாட்டத்தையே கொண்டுவரும். சின்னக் குழந்தைக்கு மூச்சையும் மந்தமாக்கும்.

ஏர்போர்ட் வாசலில்தான் உண்மையான ஆபத்து தொடங்குகிறது. நள்ளிரவு தாண்டிச் சென்னையில் இறங்கி, வரவேற்க வந்த எட்டுப் பேரோடு ஒரே வண்டியில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போகிறார்கள். வெளிநாட்டில் குழந்தை சீட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாத பெற்றோர்தான் இப்படிச் செய்கிறார்கள். குழந்தை சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். பல விமான நிறுவனங்கள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. வாடகை வண்டி பேசும்போதே பின் சீட் பெல்ட்டை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளில் பெல்ட் பூட்டும் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். நள்ளிரவில் அதைத் தேட முடியாது. மடியில் இருக்கும் குழந்தையையும் சேர்த்து ஒரே பெல்ட் போடுவது இன்னும் மோசம். மோதினால் அம்மாவின் எடை முழுவதும் குழந்தை மேல் விழும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைத் திறப்பதற்கு முன், முழங்கால் உயரத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் பாருங்கள். தாத்தாவின் சுகர் மாத்திரை எங்கே இருக்கிறது? டிவி பக்கத்தில், சாப்பாட்டு மேசையில், மூடி எளிதில் திறக்கும் டப்பாவில். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், இரண்டு வயதுக் குழந்தையின் ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிட. அது உடனே தெரியாமலும் போகலாம். பல மணி நேரம் நன்றாக விளையாடிவிட்டு, இரவுத் தூக்கத்தில் வியர்த்துக் கொட்டி வலிப்பு வரலாம். விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தாலே மாத்திரை அட்டையோடு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடாதீர்கள்.

பூஜை அறைக் கற்பூரம் கற்கண்டு மாதிரியே இருக்கும். ஒரு கிராம்கூட வேண்டாம், சின்னக் குழந்தைக்கு வலிப்பு வந்துவிடும். சில சமயம் பத்து நிமிடத்துக்குள்ளேயே. வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள். சளிக்கு என்று தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். பாட்டி அன்போடு செய்வதுதான். ஆனாலும் தோல் வழியாகவும் அது உள்ளே இறங்கும். ஒரு வயது ஆகாத குழந்தையின் நாக்கில் தேன் தடவுவதும் வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே போனில் பக்குவமாகப் பேசிவிட்டால், வந்த இடத்தில் மனத்தாங்கல் வராது.

பீரோவில் அந்துருண்டை, பாத்ரூமில் தண்ணீர் நிறைந்த வாளி, மூடாத சம்ப், கைப்பிடிச் சுவர் தாழ்ந்த மொட்டை மாடி: இவற்றையும் அதே சுற்றில் பார்த்துவிடலாம்.

காய்ச்சல் வந்தால் செய்யும் தவறு ஒன்று உண்டு. அமெரிக்காவில் குழந்தைகளுக்கான பாராசிட்டமால் 5 மில்லியில் 160 மில்லிகிராம். இங்கே 5 மில்லியில் 120, 125, 250 என்று பல வலிமையில் சிரப் இருக்கிறது. டிராப்ஸ் என்றால் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளைக் கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். அதாவது 125 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி, டிராப்ஸில் ஒன்றரை மில்லி. வழக்கம்போல 5 மில்லி என்று டிராப்ஸை ஊற்றினால் 500 மில்லிகிராம் போய்விடும். அதை நாலு வேளை கொடுத்தால் கல்லீரல் தாங்காது. உங்கள் ஊர் பாட்டிலையே கொண்டு வாருங்கள். அளவுச் சிரிஞ்சையும் மறக்காதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிரப்பில் மெஃபெனமிக் அமிலமோ ஐபுபுரோஃபெனோ கலந்திருக்கிறதா என்று லேபிளைப் படியுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்போது அவை ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம் கூட வேண்டும்: வயிற்று வலி, நிற்காத வாந்தி, சோர்ந்து கிடப்பது, ஈறில் ரத்தம் என்றால் காத்திருக்கக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கும்போது அது 1 லிட்டருக்கா 200 மில்லிக்கா என்று பாருங்கள். லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் வீதம் மறுபடி தொடங்குங்கள்.

நாய், பூனை, கோயில் குரங்கு எது கடித்தாலும், நகம் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு வைக்காதீர்கள். அன்றே ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசியின் முதல் தவணை. தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் காயத்துக்குள்ளேயே இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும். நாளைக்கு ஃபிளைட், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. மீதித் தவணைகளை அங்கே தொடர, மருந்தின் பெயர், பேட்ச் எண், தேதி, தசையிலா தோலிலா என்பதெல்லாம் எழுதிய சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பிப் போன பிறகு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வாக்கியமே "இந்தியா போய் வந்தோம்" என்று இருக்கட்டும். டைபாய்டு மூன்று வாரம் கழித்தும் வரும். இங்கே பரவலாக உள்ள வைவாக்ஸ் மலேரியா பல மாதம் கழித்தும் தலைகாட்டும். இங்கிருந்து கொண்டுபோன ஆன்டிபயாடிக்கை நீங்களாகக் கொடுத்துவிட்டால் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளராமல் போகும். முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு மருந்து.